பாறையில் நின்ற அவலோகிதர்

மாத்தளை மாவட்டத்திலே பல்லேபொல, நாவுல, தம்புள்ளை ஆகிய பகுதிகளில் வாழும் நம் பழைய மாணவர்க்குப் பாறைகள் புதியன அல்ல. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் போவோர், மாத்தளை நகரைக் கடந்த சிறிது நேரத்தில் அலுவிகாரைக் குன்றுகளைக் காண்பர். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டிலே எழுதப்பட்ட இடம் அதுவென்பது மரபு. மேலும் வடக்கே சென்றால் நாலந்தா கெடிகே எனும் கற்றளி தோன்றும். கல்லின்மேற் கல்லடுக்கி, பல்லவர் கட்டிய கோயில்களைப் போன்ற அமைப்பில் எழுப்பப்பட்டது அது. கூடுகளும் குபேரன் உருவமும் தாங்கி நிற்கும் அக்கட்டடத்தை முதன்முறை காணும் தமிழர் எவரும் மாமல்லபுரத்தை நினையாதிருக்க மாட்டார். ஆயினும் அது பௌத்தர்களுடையது. அதன் அடித்தளச் சிற்பங்களில் தாந்திரிகச் சாயலும் உண்டு. மகாவலித் திட்டத்தின் பொவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980களில் உயர்ந்த இடத்திலே மீண்டும் பொருத்தப்பட்டது என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இக்கெடிகேயைக் காணப் போகும் மாணவர் வழக்கமாகக் கேட்கும் வினா ஒன்றுண்டு: “இது இந்துக் கோயிலா, பௌத்தக் கோயிலா?” இவ்வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற முற்படுவதே பல பிழைகளுக்குத் தாய் என்று நாம் கருதுகிறோம். அதை விளக்குதற்கு நாலந்தாவினும் சிறந்த சான்றுகள் இலங்கையின் தென்பாகத்திலே பாறைச் சுவர்களில் நிற்கின்றன. அவற்றுள் நடுநாயகமாக விளங்குவது அவலோகிதேசுவரர் எனும் போதிசத்துவரின் உருவம். அவ்வுருவத்தை எவ்வாறு கண்டறிவது, அது எங்கிருந்து வந்தது, பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதலில் புதுருவகலை. மொனராகலை மாவட்டத்தில், வெல்லவாயவிலிருந்து திஸ்ஸமகாராமை செல்லும் சாலையில் சில கல் தொலைவு சென்று, பக்கத்தே பிரியும் சிறு பாதையிற் குளங்களைக் கடந்து போனால் காட்டின் நடுவே கரும்பாறை ஒன்று எழும். புது என்பது புத்தர், ருவ என்பது உருவம், கல என்பது கல். பெயரே பொருளை உரைத்துவிடுகிறது. அப்பாறையின் முகத்திலே ஏழு உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. நடுவே நிற்பவர் புத்தர். அவர் உயரம் ஏறத்தாழ 51 அடி. இலங்கையில் இயற்பாறையிலே செதுக்கப்பட்ட நின்ற புத்தர் உருவங்களுள் இதுவே உயரமானது. வலக்கை அபய முத்திரை காட்டுகிறது. மேனியில் முற்காலச் சுதைப்பூச்சின் எச்சமும், நீண்டதொரு செம்மஞ்சட் கோடும் இன்னும் தெரிகின்றன. அக்காலத்தில் இவ்வுருவங்கள் யாவும் சுதை பூசி வண்ணம் தீட்டப்பட்டிருந்தன என்பதற்கு அவையே சான்று. வெறுங்கல்லின் கருமையைக் கண்டு “என்ன எளிமை!” என்று வியப்போர் உளர். உண்மையில் அவர்கள் காண்பது எலும்பை; தசையும் தோலும் மழையிற் கரைந்து போயின.

புத்தரின் இருபுறமும் மும்மூன்று உருவங்கள் நிற்கின்றன. அவருடைய வலப்பக்கத்து மூவருள் நடுவில் நிற்பவரே நாம் கூற வந்த அவலோகிதர். மற்றவை கருமையாயிருக்க, இவர்மேல் வெண்சுதை நிலைத்திருப்பதால் தொலைவிலேயே கண்ணுக்குப் புலப்படுவார். அவர் பக்கத்தே உடலை மூன்று இடங்களில் வளைத்து, திரிபங்க நிலையில் நிற்கும் பெண்ணுருவைத் தாரை என்பர். மூன்றாம் உருவம் சுதனகுமாரன் என்று கொள்ளப்படுகிறது. புத்தரின் இடப்பக்கத்து மூவருள் நடுவில் முடியணிந்து நிற்பவர் மைத்திரேயர், அதாவது வருங்காலப் புத்தர், என்பது பலர் கருத்து. அவரை அடுத்து நிற்பவர் கையில் உடுக்கை போல் இடை சிறுத்த கருவி ஒன்று இருக்கிறது. அது வச்சிரம், ஆதலின் அவர் வச்சிரபாணி. திபெத்திலும் நேபாளத்திலும் வழிபாட்டிலே பயிலும் அக்கருவியை ஊவா நாட்டுக் காட்டுப்பாறையிற் காண்பது எவரையும் வியப்பில் ஆழ்த்தும். எஞ்சிய ஓருருவத்தைச் சிலர் திருமால் என்றும் சிலர் சகம்பதிப் பிரமன் என்றும் கூறுவர். சிற்ப அமைதியை ஆராய்ந்தோர் இத்தொகுதியைக் கி.பி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது என மதிப்பிட்டுள்ளனர்.

இவ்விடத்தில் மாணவர் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுளது. கல்லிலே பெயர்ப்பலகை இல்லை. அவ்வாறாயின், இவர் அவலோகிதர், அவர் மைத்திரேயர் என்று எவ்வாறு சொல்கிறோம்? நம்மவருள் பலர் அவலோகிதரின் சடைமுடியைக் கண்டவுடன் “சிவபெருமான்” என்று கைகூப்பிவிடுவர். சடை மட்டும் சான்றாகாது. சடைமகுடத்தின் முன்புறத்திலே தியானத்தில் அமர்ந்த சிறு புத்தர் உருவம் உண்டா என்று நோக்க வேண்டும். அது அமிதாப புத்தர். அமிதாபர் முடியிலிருப்பின் அவ்வுருவம் அவலோகிதர். முடியிலே தூபி இருப்பின் மைத்திரேயர். கையிலே வச்சிரம் இருப்பின் வச்சிரபாணி. வாளும் ஏடும் இருப்பின் மஞ்சுசிறீ. கையிலே செந்தாமரை தாங்கினால் அவலோகிதருக்குப் பதுமபாணி என்றும் பெயர். தாரை கருநெய்தல் ஏந்துவாள். இதனையே சிற்பநூலார் இலக்கணம் என்பர். சொல்லிலக்கணத்தில் ஓரெழுத்து மாறினால் பொருள் மாறுவதுபோல, சிற்ப இலக்கணத்தில் முடியிலுள்ள சாணளவு உருவமொன்று முழு உருவத்தின் பெயரையே மாற்றிவிடும். சிவன் சடையில் பிறையும் கங்கையும். அவலோகிதர் சடையில் அமிதாபர். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது பெரிது.

ஆயினும், சிவன் என்று மயங்கியவரை நாம் எள்ளி நகையாடலாகாது. அம்மயக்கத்துக்கு இடங்கொடுத்தவர்கள் பௌத்தர்களே. ‘காரண்டவியூகம்’ எனும் மகாயான நூல், அவலோகிதரின் நெற்றியிலிருந்து மகேசுவரனும், இதயத்திலிருந்து நாராயணனும், கண்களிலிருந்து ஞாயிறும் திங்களும் தோன்றினர் என்று கூறுகிறது. பிற சமயத் தெய்வங்களைப் பகைத்து ஒதுக்காது, தம் தெய்வத்தின் உறுப்புக்களாக அடக்கிக் கொள்ளும் முறை அது. சைவரும் வைணவரும் இம்முறையை அறியாதவரல்லர். புத்தரையே திருமாலின் அவதாரமாக எண்ணிய மரபு நம்மிடம் உண்டன்றோ! ஈசுவரன் என்னும் பட்டமும், சடையும், துறவுக்கோலமும் ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றனவா, இருவரும் ஒரு பொது வழக்கிலிருந்து பெற்றனவா என்பது தனியே ஆராயற்பாலது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அவலோகித ஈசுவரர் என்றால், துன்புறும் உயிர்களைக் கீழ்நோக்கி அருளும் தலைவர் என்பது பொருள். பழைய ஏடுகள் சிலவற்றில் ‘அவலோகிதசுவர’ என்ற வடிவம் காணப்படுகிறது. சுவரம் என்பது ஒலி. சீனர் இவரைக் குவான்யின் என அழைப்பதன் பொருளும் ஒலியை நோக்குபவர் என்பதே. அதாவது, உலகின் அழுகுரலைக் கேட்பவர். சீனத்திலே இவர் நாளடைவில் பெண்ணுருப் பெற்றுக் கருணைத் தாயாகவே மாறிவிட்டார். புத்தநிலையை எய்தும் தகுதி பெற்றும், எல்லா உயிரும் கரையேறும்வரை தாம் கரையேறுவதில்லை என உறுதிபூண்டவர் என்பது மகாயானத்தார் கொள்கை. தேரவாதத்தாருக்கும் போதிசத்துவர் உண்டு. ஆயின் அவர்கள் அச்சொல்லாற் பெரும்பாலும் குறிப்பது, சாதகக் கதைகளில் வரும் கௌதமரின் முற்பிறவிகளையே.

‘சத்தர்மபுண்டரீகம்’ எனும் நூலிலே, கடற்புயல், தீ, கள்வர், விலங்குகள் முதலிய இடர்களில் அகப்பட்டோர் இவர் பெயரை நினைந்தால் காக்கப்படுவர் என்று ஓர் அதிகாரம் முழுவதும் பேசுகிறது. மேலை இந்தியக் குகைகளாகிய அசந்தா, எல்லோரா முதலியவற்றில் அவ்விடர்களையே பக்கங்களிற் சிறு காட்சிகளாகச் செதுக்கி நடுவே அவலோகிதரை நிறுத்தியுள்ளனர். கன்னேரிக் குகை ஒன்றிலே பதினொரு தலையுடன் நிற்கிறார். எத்திசையிலிருந்து குரல் எழுந்தாலும் அத்திசையை நோக்கத் தலை வேண்டுமன்றோ!

கடலோடிகள் இவரை விரும்பியதில் வியப்பில்லை. சீன யாத்திரிகர் பாகியன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஈராண்டுகள் தங்கி, வணிகக் கப்பலொன்றில் நாடு திரும்பினார். நடுக்கடலிற் புயல் வீசிற்று. கப்பலில் நீர் புகுந்தது. வணிகர் பாரத்தைக் குறைக்கப் பொருள்களைக் கடலில் எறிந்தனர். தாம் அரிதிற் சேர்த்த சூத்திரங்களையும் எறிந்துவிடுவரோ என்றஞ்சிய பாகியன், அவலோகிதரை ஒருமனத்துடன் நினைந்ததாகத் தம் குறிப்பிலே எழுதியிருக்கிறார். இலங்கைக் கடலில் அவர் பெயர் ஒலித்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கடலோரச் சான்றுகள் வேறுமுண்டு. தென்கரைத் துறையாகிய வெலிகாமத்தில், ஊரின் நடுவே, தனிப்பாறை ஒன்றிலே குடைந்த மாடத்துள் ஏறத்தாழ 12 அடி உயரமான உருவம் நிற்கிறது. அணிகலன்கள் பூண்டு, உயர்ந்த மகுடத்திலே தியான புத்தர் உருவங்களைத் தாங்கி விளங்குகிறது. ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் அவலோகிதர் என்கின்றனர். சமந்தபத்திரர் என்பாரும் உளர். ஆனால் அவ்வூர் மக்கள் இதனைக் குட்டராசன் கல் என்றே அழைக்கின்றனர். கடல் கடந்து வந்த அரசன் ஒருவன் தோல்நோயால் வருந்தினானாம். மூன்று திங்கள் இளநீரன்றி வேறெதுவும் அருந்தாதிருந்து நோய் நீங்கினானாம். அந்நன்றியால் இவ்வுருவத்தைச் செதுக்குவித்தானாம். இக்கதையை வரலாறாக ஏற்க இயலாது. ஆயினும், தள்ளிவிடவும் எமக்கு மனமில்லை. நோய் தீர்ப்பது அவலோகிதரின் முதன்மைச் செயல்களுள் ஒன்று. இலங்கையில் மகாயானம் மறைந்தது; அவர் பெயர் மறந்தது; முடியிலிருந்த புத்தர் யாரென்பதும் மறந்தது. நோய் நீங்கும் என்ற நினைவு மட்டும் மறையவில்லை. தெய்வத்தின் பெயரை இழந்த மக்கள், அத்தெய்வத்தின் தொழிலைக் கதையாக்கிக் காத்து வைத்திருக்கின்றனர்! கல்லைக் காட்டிலும் கதை உறுதியானது போலும்.

கிழக்குக் கரைக்கு வருவோம். திருகோணமலைக்கு வடக்கே திரியாய்க் குன்றின் மீது வட்டதாகே எனப்படும் வட்டவடிவத் தூபிமனை ஒன்றுண்டு. அங்கே பாறையில் வெட்டப்பட்ட வடமொழிச் சாசனம் கிரிகண்டிச் சைத்தியத்தைப் போற்றுகிறது; திரபுசகர், வல்லிகர் எனும் வணிகர் கூட்டத்தாரைக் கூறுகிறது; அவலோகிதரையும் மஞ்சுசிறீயையும் பெயர் சொல்லிப் புகழ்கிறது. அதன் எழுத்து பல்லவ கிரந்தத்தைச் சார்ந்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஓரிரு நாள் கடற்பயணத்தில் அடையக்கூடிய குன்றிலே, பல்லவர் எழுத்திலே, வணிகரைக் கூறும் சாசனத்திலே அவலோகிதர் பெயர் பொறிக்கப்பட்டிருத்தல் கருதத் தக்கது. அக்கரையிலேயே, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில், பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரையுருவம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிடைத்தது. உயரம் 143 சதமமீற்றர். எட்டாம் நூற்றாண்டினது என்பர். தேசாதிபதி பிறவுண்ரிக் அதனைத் தம்மோடு கொண்டுசென்று 1830இல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினார். மேலாடையின்றி இருந்தமையால் முப்பது ஆண்டளவு அதனைப் பொதுமக்கள் காணாதபடி வைத்திருந்தனர் என்பர். ஆடை குறைந்ததைக் கண்டவர்கள், தாழ்ந்து அருளும் அவள் கையைக் கண்டிலர்.

கடல்வழி வணிகம் ஒன்றே காரணமாயின், கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ளடங்கிய புதுருவகலைக்கு அவலோகிதர் வந்தது எங்ஙனம்? துறைமுகக் கொள்கை அங்கே செல்லாது. உரோகணை நாட்டின் உள்ளூர்களிலும் மகாயான வழிபாடு ஊன்றியிருந்தது என்றே கொள்ள வேண்டும். மாளிகாவிலைக்கு அண்மையில் தம்பேகொடவிலே பல துண்டுகளாய்க் கிடந்து, 1990ஆம் ஆண்டையொட்டி மீண்டும் நிறுத்தப்பட்ட பேருருவமும் அவலோகிதருடையதே. அது புடைப்பன்று, முழுச்சிலை, ஏறத்தாழ 10 மீற்றர் உயரம். கடலோடி ஒருவன் நேர்த்திக்காக வைக்கும் அளவினதன்று. ஆட்சியாளர் துணையின்றி இயலாத பணி.

இனி இத்தெய்வத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவைக் கூறுவோம். எம் கல்லூரியிலே தமிழிலக்கணம் கற்றோர் அனைவரும் அகத்தியர் சிவபெருமானிடம் தமிழ் கற்றார் எனக் கேட்டிருப்பர். பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் பெயரால், பொன்பற்றியூர்ப் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம் எனும் இலக்கணநூலின் பாயிரமோ, அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்கிறது. சைவ சமயம் மேலோங்கிய சோழப் பேரரசிலே, சைவ மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கிய நூலிலே, ஒரு பௌத்தப் புலவர் இவ்வாறு எழுதினார். எவரும் நூலை எரித்துவிடவில்லை. பெருந்தேவனார் உரை எழுதினார். இன்றும் நாம் கற்கிறோம்.

இக்கூற்று புத்தமித்திரனாரின் கற்பனை மட்டுமன்று. ஏழாம் நூற்றாண்டிலே தென்னாடு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சிக்குத் தெற்கேயுள்ள மலகூட நாட்டில் மலயமலையும், அதன் கிழக்கே பொதலகம் எனும் மலையும் உண்டென்றும், பாதைகள் கடினமானவை என்றும், உச்சியிலே நீர்நிலை உண்டென்றும், அங்கே அவலோகிதர் உறைகிறார் என்றும் எழுதி வைத்தார். அம்மலையே அகத்தியர் உறையும் பொதியில் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. யப்பானிய அறிஞர் சூ இக்கோசக்கா அண்மைக் காலத்தில் இக்கருத்தை விரித்து எழுதியவர். இது முடிந்த முடிபென்று நாம் சொல்லோம். பெயரொற்றுமையும் இடக்குறிப்பும் வலுவுடையன என்று மட்டும் சொல்வோம். சீனர் தம் கிழக்குக் கடலிலுள்ள தீவொன்றுக்குப் புத்துவோ என்றும், திபெத்தியர் இலாசா நகரத்துக் குன்றிலே 1645இல் எழுப்பத் தொடங்கிய மாளிகைக்குப் பொத்தலா என்றும் பெயரிட்டது இந்தப் பொதலகத்தின் நினைவாகவே. பொதியில் பற்றிய துணிபு சரியாயின், தாமிரபரணி பிறக்கும் மலையின் பெயர் இமயத்துக்கப்பால் அரண்மனை வாயிலில் ஒலிக்கிறது!

தமிழ்ப் பௌத்தம் ஏட்டளவில் நின்றதன்று. நாகபட்டினத்திலே சிறீவிசய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் எனும் ஊரை வழங்கியதை இலெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. 1856 முதலாக அவ்வூரில் அகழ்ந்து கிடைத்த பௌத்த வெண்கலங்கள் ஏறத்தாழ 350. இலங்கையிலும் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயரிருந்தது. அங்கே கொடை அளித்தோர் தம் கொடையைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்தனர். இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னரே, மகாசேன மன்னனுக்கு மகாயானக் கொள்கையைப் போதித்த சங்கமித்திரர் சோழ நாட்டிலிருந்து வந்த துறவி என்று மகாவம்சம் எழுதுகிறது. மகாவிகாரையார் எழுதிய நூலாதலால் அவரைக் கடுமையாகவே சாடுகிறது. சாடியமையால் பெயர் தப்பிற்று என்பது வரலாற்றின் விளையாட்டு.

ஆகவே, புதுருவகலைப் பாறையின் முன் நின்று “இவர் நம்மவரா, அவர்களுடையவரா?” என்று கேட்போருக்கு, அக்கேள்வி அச்சிற்பியின் காதில் விழுந்திருந்தால் விளங்கியிராது என்றே கூறுவோம். இன்று இந்நாட்டில் மொழிக்கொரு சமயம், சமயத்துக்கொரு மொழி எனப் பகுத்துக் காணும் பழக்கம் வேரூன்றிவிட்டது. பழைய கல்லொன்று தோன்றினால் ஒருசாரார் அதனைத் தமக்கே உரியதென்பர். மறுசாரார் சடையைக் கண்டு சைவம் என்பர், அன்றேல் பௌத்தம் என்றவுடன் முகத்தைத் திருப்பிக் கொள்வர். இரு தரப்பாரும் இழப்பது ஒன்றே. பௌத்தம் என்றால் சிங்களம் என எண்ணும் தமிழன் மணிமேகலையையும் வீரசோழியத்தையும் கைநெகிழ விடுகிறான். பழம்பொருள் யாவும் தேரவாதச் சிங்களமே எனத் துணிபவன், அபயகிரி விகாரையின் பரந்த உலகத்தையும், அதன் வழியாகச் சீனம்வரை சென்ற ஆசாரியர்களையும் இழக்கிறான். அவ்வாசாரியர்களுள் வச்சிரபோதியைக் குறிப்பிடலாம். தென்னிந்தியராகிய அவர், பொதலகத்தை அடுத்த நாட்டினர் என்பது சீனர் எழுதிய வரலாறு. இலங்கைக்கு வந்து, பின் கடல்வழியே சென்று 720ஆம் ஆண்டளவிற் சீனத்தை அடைந்து, அங்கே தாந்திரிக பௌத்தத்தைப் பரப்பினார். அவர் மாணாக்கர் அமோகவச்சிரர், ஆசிரியர் மறைந்தபின் நூல்கள் தேடி மீண்டும் இலங்கைக்கே வந்தார். புதுருவகலையில் வச்சிரம் ஏந்திய உருவம் நிற்பதற்குரிய சூழல் எதுவென்று இப்பெயர்கள் நமக்கு ஓரளவு காட்டுகின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மூன்று நிகாயங்களையும் மகாவிகாரை நெறியில் ஒன்றாக்கினான். அதன்பின் மகாயானத்துக்குத் தனி மடமோ துறவியரோ இலராயினர். அவலோகிதரோ அழிந்திலர். ‘லோகேசுவர நாதர்’ எனும் பெயரின் ஈற்றுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, நாத தெய்யோ எனச் சிங்கள மக்களின் காவல் தெய்வமானார். கண்டியிலே தலதா மாளிகைக்கு எதிரே பதினான்காம் நூற்றாண்டில், தென்னிந்தியப் பாணியிற் கல்லால் கட்டப்பட்ட நாத தேவாலயம் அந்நகரத்துக் கட்டடங்களுட் பழமையானது. கண்டி மன்னரின் முடிசூட்டுச் சடங்குகளில் அத்தேவாலயத்துக்கு இடமுண்டு. 1739 முதல் அரியணை ஏறிய மதுரை நாயக்கர் வழியினரும் அச்சடங்குகளைக் கைக்கொண்டனர். நாதரையே வருங்கால மைத்திரேய புத்தர் என எண்ணும் வழக்கும் பிற்காலத்திற் பரவிற்று. புதுருவகலையில் புத்தருக்கு வலப்புறமும் இடப்புறமுமாகத் தனித்தனியே நின்ற இருவர், மக்கள் மனத்தில் ஒருவராயினர் என்று சொல்லலாம்.

மாத்தளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் மாணவர்க்கு நாத தேவாலயம் வழியிலேயே உள்ளது. எசலப் பெரகராவில் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்லும்போது, நாதர் முதலிலும், அடுத்து விட்டுணுவும், பின் கதிர்காமக் கந்தனும், கடைசியில் பத்தினியும் வருவர். பத்தினி வேறு யாருமல்லள், சிலப்பதிகாரத்துக் கண்ணகியே. இந்நால்வருள் மூவரை எம் மாணவர் உடனே அறிந்துகொள்வர். முதலில் வருபவரே அவர்களுக்குப் புதியவர். அவர் முன்னொரு காலத்தில் புதுருவகலைப் பாறையிலே வெண்சுதை பூசி நின்றவர். வெலிகாமத்தில் பெயர் மறந்து குட்டராசன் ஆனவர். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததாகப் புத்தமித்திரனார் எழுதியவர்.